குளிக்கக் கூடாத விருந்தாளி

சுடலைக்கண்ணு காவல்துறையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. ஓய்வு பெறும்போது அவர் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர். தென்காசிக்காரர்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஏட்டாக இருந்த காலத்தில் கூப்பிட்ட ‘ஏட்டையா’வையே இன்றைக்கும் கூப்பிடுகிறார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு; வெளியே காட்டிக்கொள்வதில்லை.

அந்த ஏட்டையா வீட்டு வாசலில், ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், பெங்களூர் கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து மகள் ஜெயசித்ரா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மூன்றடி உயரக் கூண்டு ஒன்று இறங்கியது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ உருண்டையாக உட்கார்ந்திருந்தது. பெரிய காது, நீள மீசை, புசுபுசுவென்று வால். சுடலைக்கண்ணு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கூண்டைச் சுற்றிவந்து பார்த்தார்.

“என்னட்டி இது? எலி மாதிரியும் இருக்கு, முயல் மாதிரியும் இருக்கு.”

“சின்சில்லாப்பா. பேரு கொழுக்கட்டை. மூணு வயசு ஆகுது.”

“பேப்பர் எல்லாம் இருக்கா?”

“மொதல்ல அதத்தான் கேப்பியன்னு தெரியும். இந்தா இருக்கு ஃபைலு.”

பதிவுச் சான்று, மருத்துவர் சான்று எல்லாவற்றையும் வரி விடாமல் படித்து முடித்த பிறகுதான், அந்த ஜீவன் தன் வீட்டுக்குள் வந்திருப்பதை அவர் ஒப்புக்கொண்டார்.

விஷயம் இதுதான். ஜெயசித்ராவை அவளுடைய கம்பெனி மூன்று மாதத்துக்கு ஜெர்மனிக்கு அனுப்புகிறது. கொழுக்கட்டையை அங்கே கொண்டுபோக வழியில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் தோழி உமாதேவியும் சின்சில்லா வளர்ப்பவள்தான். ‘என்கிட்ட விடு’ என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குள் அம்மா வடிவம்மாள் ஃபோனில் முந்திக்கொண்டாள். “நாங்க ரெண்டு பேரும் இங்கன சும்மாதான கெடக்கோம், கொண்டாந்து விடு” என்று சொல்லிவிட்டாள்.

ஜெயசித்ரா கூண்டுச் சாவியை எடுத்தபோது சுடலைக்கண்ணு கையை நீட்டினார். அவள் அதைத் தாண்டிப் போய் அம்மா கையில் கொடுத்தாள்.

“ஏன், எங்கிட்ட தந்தா என்னவாம்?”

“ராக்கெட்ட ஒங்ககிட்டதான தந்தேன்” என்றாள் மகள்.

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

ராக்கெட் என்பது நாய்க்குட்டி. ஜெயசித்ராவுக்குப் பத்து வயதில், செங்கோட்டை போலீஸ் குடியிருப்பில் இருந்தபோது வளர்த்தது. தென்காசிக்கு மாற்றல் வந்தது. மாடி வீடு, நாய்க்கு இடமில்லை. சுடலைக்கண்ணு அதைச் செங்கோட்டையில் ஒரு டீக்கடையில் விட்டுவிட்டு வந்தார். மகள் அழுவாளே என்று பயந்து, “ராக்கெட்டுக்குப் போலீஸ்ல வேலை கெடச்சிருச்சு. மோப்ப நாய்ப் பிரிவுல ட்ரெயினிங் போயிருக்கு” என்று ஒரு போடு போட்டார். பிள்ளை நம்பிவிட்டாள். பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி மார்தட்டினாள். குடியரசு தின அணிவகுப்பில் வந்த ஒவ்வொரு போலீஸ் நாயையும் பார்த்து ‘ராக்கெட்’ என்று கத்தினாள். பதினாறு வயதில், அம்மாவின் வாய் தவறி உண்மை வெளியே வந்தது. அவள் சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து அப்பா எது சொன்னாலும் ‘ஆதாரம்?’ என்று கேட்பாள். சுடலைக்கண்ணுவும் இன்றுவரை அந்த விஷயத்தில் தன் வாயால் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கிளம்பும்போது அவள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சொன்னாள்.

“சின்னதா ஒரு தப்பு நடந்தாலும் எனக்குச் சொல்லணும். மறச்சியன்னு தெரிஞ்சுது, அன்னைக்கே உமாதேவி ரயிலேறி வந்து கொழுக்கட்டையக் கூட்டிட்டுப் போயிருவா. ஆமா.”

பேசியது இரண்டு பேரிடம்தான். பார்வை மட்டும் ஒருவர் மேலேயே இருந்தது.

அவள் எழுதிவைத்துப் போன காகிதத்தை வடிவம்மாள் படுக்கையறைச் சுவரில் ஒட்டினாள். சூடு தாங்காது, ராத்திரி பகல் ஏ.சி. ஓட வேண்டும், காது சிவந்தால் ஆபத்து, உடனே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றவும். ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே படக் கூடாது. ஒரு மயிர்க்காலில் அறுபது முடி முளைக்கும், நனைந்தால் காயவே காயாது, குளிரில் விறைத்துவிடும். ஓடினால் பிடிக்கக் கூடாது. பிடித்தால் முடியைக் கையோடு விட்டுவிட்டு ஓடிவிடும். உணவு காய்ந்த புல். கடிக்கக் கொய்யாக் குச்சி. வாரம் மூன்று நாள் டப்பாவில் இருக்கும் தூளைக் கிண்ணத்தில் கொட்டி உள்ளே வைத்தால், அதில் புரண்டு அதுவாகவே சுத்தம் செய்துகொள்ளும்.

சுடலைக்கண்ணு இரண்டாவது விதியிலேயே நின்றுவிட்டார்.

“குளிக்கவே கூடாதா? சென்மத்துக்குமா?”

அவருடைய அதிர்ச்சியைப் புரிந்துகொள்ள வேண்டும். பதினோரு சீசன் குற்றாலத்தில் அருவிப் பந்தோபஸ்து பார்த்தவர் அவர். உடம்புக்கோ மனசுக்கோ வருகிற எந்தச் சீக்கும் குற்றாலத்தில் தலையைக் கொடுத்தால் தீரும் என்பது அவர் கொள்கை. வடிவம்மாளின் முழங்கால் வலிக்கு அருவி. பரீட்சையில் கோட்டைவிட்ட பக்கத்து வீட்டுப் பையனுக்கு அருவி. ஓய்வு பெற்ற மறுநாள் தனக்கே நெஞ்சு பாரமாக இருந்தபோதும் நேரே போய் அருவியில்தான் நின்றார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் தண்ணீரே படக் கூடாத ஒரு ஜீவன்!

வடிவம்மாளின் பொறுப்பு நான்கு நாள்தான் நீடித்தது. ஐந்தாம் நாள் கொழுக்கட்டை தூளில் புரண்டது. புரளல் என்றால் சும்மா புரளல் இல்லை. தலைகீழாக ஒரு சுற்று, பக்கவாட்டில் இரண்டு சுற்று, நடுநடுவே நிமிர்ந்து உட்கார்ந்து பீரோக் கண்ணாடியில் தெரிந்த தன்னையே முறைத்துவிட்டு மறுபடியும் ஒரு சுற்று. அறை முழுக்கப் புகை மண்டலம். வடிவம்மாள் பதினேழு தும்மல் தும்மினாள். பதினெட்டாவதை அடக்கிக்கொண்டு சாவியைக் கொண்டுவந்து கணவன் முன்னால் வைத்தாள்.

“எனக்கு ஆகாது. இனிமே ஒங்க பாரா.”

ஸ்டேஷனில் முறை வைத்துக் காவல் நிற்பதைப் பாரா என்பார்கள். இரண்டு வருடமாக அந்தச் சொல்லை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சுடலைக்கண்ணு எழுந்து முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து சாவியை வாங்கினார்.

முதல் வேலையாக நீளமான நோட்டு ஒன்று வாங்கிவந்தார். ஸ்டேஷனில் நடக்கும் ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதும் பொது நாட்குறிப்பு, அதாவது ஜி.டி., இல்லாமல் அவருக்கு எந்த வேலையும் ஓடாது. ‘காலை 6.10. கொழுக்கட்டை, ஆண், வயது மூன்று, உயிருடன் ஆஜர். அறை வெப்பம் 22. காது இயல்பு நிறம். புல் கொடுக்கப்பட்டது. பாதியைத் தின்றும் மீதியை இறைத்தும் விட்டது’ என்று முதல் பக்கம் தொடங்கியது. ‘மாலை 5.30. பாரா மாறியது’ என்று தினமும் எழுதுவார். யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்று கேட்டால் பதில் இல்லை. இருந்தது அவர் ஒருத்தர்தான்.

கொழுக்கட்டை பகலெல்லாம் தூங்கும். மாலையில் கூண்டைத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரம் அறைக்குள் குதித்து விளையாடும். கட்டிலிலிருந்து மேசைக்கு, மேசையிலிருந்து ஜன்னல் திட்டுக்கு ஒரே தாவல். பிடிக்கக் கூடாது என்று விதி இருந்ததால் சுடலைக்கண்ணு தரையில் சம்மணமிட்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். நான்காவது நாள் அது அவர் கால் பெருவிரலை மோந்து பார்த்தது. ஒன்பதாவது நாள் முழங்காலில் ஏறி இறங்கியது. பன்னிரண்டாவது நாள் சட்டையைப் பிடித்து ஏறி, தோளில் உட்கார்ந்து, மீசையால் அவர் காதைத் தடவியது. அன்றைக்கு ஜி.டி.யில், ‘மாலை 6.05. தோளில் ஏறியது. இறங்கச் சொல்லவில்லை’ என்று எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஜெயசித்ரா வீடியோ காலில் வருவாள்.

“ஆதாரம்?”

பீரோவுக்கு முன்னால் முக்காலியைப் போட்டு, அதில் கொழுக்கட்டையை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்து, ஃபோனை எதிரே நிறுத்துவார். அவள் சிரிப்பாள். ஒருநாள், “பரவாயில்லையேப்பா, நல்லாத்தான் பாத்துக்கிடுதிய” என்றாள். சுடலைக்கண்ணு அதை வடிவம்மாளிடம் மூன்று தரம் சொன்னார். இனி உமாதேவி வந்து கேட்டாலும் கொழுக்கட்டையைக் கொடுக்க மனம் வராது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

ஜூலை நடுவில்தான் வந்தது சோதனை. ஒரு வாரமாகச் சாரல் நின்றுபோயிருந்தது. ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வாரம் பார்த்து மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒருநாள் காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரை மின்தடை அறிவித்தது. அந்த வாரம் பார்த்து வடிவம்மாள் வாசுதேவநல்லூரில் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள்.

சுடலைக்கண்ணு ஏமாந்தவர் இல்லை. முந்தின நாளே ஆறு பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றிக் கூண்டைச் சுற்றி அடுக்கினார். ஜன்னல் திரையை இழுத்துவிட்டார். பதினோரு மணிக்குள் ஐஸ் உருகித் தண்ணீராகிவிட்டது. பதினொன்றரைக்கு அறை வெப்பம் முப்பத்தொன்று. கொழுக்கட்டை பக்கவாட்டில் படுத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. காது ரத்தச் சிவப்பாக இருந்தது.

அவர் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். ‘உடனே குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றவும்.’

தெருமுனையில் ஏ.சி. போட்ட வங்கி இருந்தது. அதற்கு எதிரே ஜெனரேட்டர் ஓடும் நகைக்கடை இருந்தது. இரண்டிலும் அவரை உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள். அவர் கண்ணில் எதுவும் படவில்லை. குளிர்ச்சியான இடம் என்றால் தென்காசிக்காரனுக்கு உலகத்தில் ஒரே இடம்தான். சிறிய பயணக் கூட்டில் கொழுக்கட்டையை வைத்து, டிவிஎஸ் எக்ஸெல்லில் காலுக்கு நடுவே நிறுத்தி, குற்றாலத்துக்கு வண்டியை விட்டார். வழியெல்லாம் “இந்தா வந்துட்டோம், இந்தா வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டே போனார்.

பேரருவியில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. பந்தோபஸ்துக் காலத்தில் நின்ற இடம்; மரத்தடியில் கல் மேடை, கூட்டம் வராது, அருவிக் காற்று மட்டும் வரும். மெலிந்திருந்தாலும் அருவி விழுந்துகொண்டுதான் இருந்தது. கூட்டை நிழலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் கொழுக்கட்டை தலையைத் தூக்கியது. காதின் சிவப்பு இறங்கியது. எழுந்து உட்கார்ந்து, கம்பி வழியாக மூக்கை நீட்டி அவர் விரலை மோந்தது.

“பாத்தியாலே? குற்றாலம் கைவிடாதுலே” என்றார் சுடலைக்கண்ணு. அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஜெர்மனிக்கு ஃபோன் போட்டு, தான் எப்பேர்ப்பட்ட யோசனைக்காரன் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அந்த நேரம் பார்த்து மலைமேல் மேகம் இறங்கியது. ஒரு வாரமாக ஏங்க வைத்த சாரல், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே பூவாகத் தூவ ஆரம்பித்தது. எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள், வறுத்த கடலை விற்றவர்கள், பாராவில் நின்ற போலீஸ்காரர்கள் எல்லாரும் “ஓ”வென்று சத்தம் போட்டார்கள். சாரல் வந்தால் இந்த ஊர்க்காரன் என்ன செய்வான்? முகத்தை மேலே தூக்குவான், கையை விரிப்பான், கண்ணை மூடுவான். சுடலைக்கண்ணுவும் அதைத்தான் செய்தார். முழுசாக இரண்டு நிமிடம் நின்றார். அந்த இரண்டு நிமிடம் அவருக்கு எந்த விதியும் ஞாபகத்தில் இல்லை.

கண்ணைத் திறந்தபோது கூட்டின் கம்பியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கொழுக்கட்டையைக் காணோம். பிழிந்து போட்ட கரித்துணி போல் ஒன்று மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது.

“ஐயோ, பாவி நான்” என்று வாய்விட்டே சொன்னார். துண்டை எடுத்துத் துடைக்கலாம் என்று கதவைத் திறந்தார். அது ஒரே பாய்ச்சலில் வெளியே போனது. முப்பத்தாறு வருடம் ஓடுகிறவனைப் பிடித்துப் பழகிய கை. யோசிப்பதற்குள் பாய்ந்து பிடித்துவிட்டது. அடுத்த நொடி கை நிறைய ஈர முடி இருந்தது, கொழுக்கட்டை இல்லை. அது மசாஜ் கடையின் பலகைக்கு அடியில் இருட்டில் போய்ப் புகுந்துகொண்டது.

சுடலைக்கண்ணு மண்டியிட்டுக் குனிந்தார். “கொழுக்கட்டை! ஏ கொழுக்கட்டை!”

அவருடைய குரல் போலீஸ் குரல். அந்தப் பக்கம் வந்த ஒரு குடும்பம் நின்றது. “இனிப்பா உப்பாண்ணாச்சி? நாலு தாங்க” என்றாள் அந்த அம்மாள். சுடலைக்கண்ணுவுக்கு, சத்தம் போட்டால் அது இன்னும் உள்ளே போகும் என்பது அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மசாஜ் போடுகிறவரைக் கும்பிட்டுக் கடையை நிறுத்தச் சொன்னார். எண்ணெய் படிந்த தரையில், வெள்ளை வேட்டியோடு, சம்மணமிட்டு உட்கார்ந்தார். வீட்டில் மாலை நேரத்தில் உட்காருவாரே, அதே மாதிரி, ஆடாமல் அசையாமல் இருந்தார். கையில் பிய்ந்துவந்த முடியை மட்டும் கீழே போட மனம் வரவில்லை.

ஊரே வேடிக்கை பார்த்தது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. ‘இதுக்கு ஏதாவது ஆனால் நான் என்ன செய்வேன்’ என்பதைத் தவிர அவருக்கு வேறு நினைப்பே இல்லை. அப்போது பெருவிரலில் குறுகுறுவென்று ஏதோ பட்டது. ஈர மீசை. முழங்காலில் ஏறியது. சட்டையைப் பிடித்துத் தோளுக்கு வந்து, கழுத்துக்கும் காலருக்கும் நடுவே தன்னைச் செருகிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியது. முடியைப் பிய்த்தவன் யாரென்று தெரிந்தும் அவரிடமே வந்தது.

கடைவீதிக்குப் பின்னால் அப்துல் மஜீது லாட்ஜ் நடத்துகிறார். பந்தோபஸ்து நாட்களில் ஏட்டையாவுக்குச் சுக்குக் காபி கொடுத்தே சிநேகமானவர். குற்றாலத்தில் அன்றைக்குக் கரண்ட் இருந்தது. மஜீது எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏ.சி. அறையைத் திறந்தார். இரண்டு துண்டு கொண்டுவந்தார். புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று மறந்துவிட்டுப் போன ஹேர் டிரையரையும் தேடி எடுத்துவந்தார்.

“சூடு வேண்டாம்வே. வெறுங்காத்து மட்டும் வச்சாப் போதும்” என்றார் சுடலைக்கண்ணு.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. துண்டால் ஒற்றி, காற்றைக் காட்டி, விரலால் முடியைப் பிரித்து, மறுபடியும் காற்றைக் காட்டி, கரித்துணி கொஞ்சம் கொஞ்சமாகக் கொழுக்கட்டையாக மாறியது. கடைசியில் அது தும்மிவிட்டு, மஜீதின் வெள்ளைத் துண்டின் நூலை இழுத்துக் கடிக்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் கட்டிலில் சாய்ந்துவிட்டார்கள். ஆனால் வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு வழுக்கை. தோல் பளிச்சென்று தெரிந்தது.

“சொல்லாம விட்ருங்க ஏட்டையா” என்றார் மஜீது. “மூணு மாசத்துல வளந்துரும். பாப்பா அங்கன இருந்துக்கிட்டு சும்மா மனசக் கெடுத்துக்கிடணுமா?”

சுடலைக்கண்ணு வீட்டுக்குத் திரும்பி ஜி.டி.யைத் திறந்தார். பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, ஸ்டேஷனில் எத்தனையோ தரம் எழுதிப் பழகிய வரியையே எழுதினார்: ‘குறிப்பிடும்படி எதுவும் இல்லை.’

அந்த ஞாயிற்றுக்கிழமை கொழுக்கட்டையின் இடது பக்கத்தை மட்டும் ஃபோனுக்குக் காட்டினார்.

“என்னப்பா, ஒரே பக்கமா ஒக்காந்திருக்கு?”

“அதுக்கு அப்படித்தான் புடிச்சிருக்கு” என்றார்.

ஜெயசித்ரா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தாள். பிறகு “சரிப்பா” என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் வடிவம்மாள் ஊரிலிருந்து வந்தாள். கொழுக்கட்டையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். நோட்டை எடுத்துப் புரட்டினாள். அந்தத் தேதியில் இருந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே கேட்டாள்.

“ஏங்க, இதோட முடிக்கும் போலீஸ்ல வேலை கெடச்சிருச்சோ?”

சுடலைக்கண்ணு நோட்டை வாங்கி மூடினார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பெருவிரலில் மீசை பட்ட இடம் வந்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. வடிவம்மாள் திட்டவில்லை.

“எங்கிட்டச் சொல்லி என்ன? சொல்ல வேண்டியவகிட்டச் சொல்லுங்க.”

“சொன்னா உமாதேவி வந்துருவாளே வடிவு.”

“வந்தா வரட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவர் பாதியாகிவிட்டார். மாலையில் கொழுக்கட்டை தோளில் ஏறி உட்காரும்போதெல்லாம், இன்னும் எத்தனை நாளோ என்று எண்ணிக்கொண்டார். ஞாயிறு ஐந்தரைக்கு ஃபோன் அடித்தது. முக்காலியில் கொழுக்கட்டையைத் தூக்கி வைத்து, அவரே வலது பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். முடி இப்போதுதான் மெல்லத் துளிர்விட்டிருந்தது. ஜி.டி.யில் பழைய வரியைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, புதிதாக எழுதியிருந்ததை வாசித்தார்.

“பகல் பன்னெண்டு பத்து. பாராவில் இருந்த சுடலைக்கண்ணு, புத்தி கெட்டுப்போய்க் கொழுக்கட்டையைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோனான். சாரல் வந்தது. கடமையை மறந்து முகத்தை நனைத்துக்கொண்டு நின்றான். கொழுக்கட்டை நனைந்தது. ஓடியது. பிடிக்கக் கூடாது என்று தெரிந்தும் பிடித்தான். முடி போனது. மறுநாளும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இடது பக்கத்தைக் காட்டி ஏமாற்றினான்.”

அவர் நோட்டை மூடினார்.

“ஒன் ஃப்ரெண்ட வரச் சொல்லும்மா. நான் ரெடி பண்ணி வைக்கேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் தரைல அசையாம ஒக்காரணும்னு மட்டும் அந்தப் புள்ளகிட்டச் சொல்லிரு. அப்பத்தான் அது தோள்ல ஏறும்.”

“அப்பா, ஒங்களுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாருங்க.”

திரும்பிப் பார்த்தார். பீரோ இருந்தது. பீரோவில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. கண்ணாடியில் கொழுக்கட்டையின் அந்தப் பக்கம் முழுசாகத் தெரிந்தது.

“போன வாரமே பாத்துட்டேன்” என்றாள் ஜெயசித்ரா. “நானும் போலீஸ்காரன் மகதானப்பா. வழுக்கையப் பாத்ததும் நெஞ்சு பக்குனு ஆயிட்டு. ஒடனே அம்மாவுக்குக் கூப்பிட்டேன். மறுநாளே ஊர்லேந்து வந்து பாத்துட்டு, புல்லு திங்குது, குதிக்குது, ஒண்ணும் இல்லன்னா. உமாதேவிக்கு டிக்கெட் பாத்து வச்சிருந்தேன். பெறவு ஒரு வாரம் பொறுத்துப் பாப்போம்னு இருந்தேன்.”

சுடலைக்கண்ணு அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தார். வடிவம்மாள் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“டிக்கெட்ட கேன்சல் பண்ணிட்டேன். எனக்கு இங்கன இன்னும் ரெண்டு மாசம் நீட்டிச்சிருக்காங்க. அதுவரைக்கும் கொழுக்கட்டை அங்கனயே இருக்கட்டும். சாவி ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”

கொழுக்கட்டை முக்காலியிலிருந்து தாவித் தோளில் ஏறிக்கொண்டது.

“ஆனா ஒரு பழைய கேஸ் நிலுவைல இருக்குல்லா” என்றாள் மகள். “அதையும் இப்பவே எழுதி முடிச்சிருங்க.”

எந்தக் கேஸ் என்று அவர் கேட்கவில்லை. இருபது வருடமாகத் தொண்டையில் கிடந்தது. செருமிக்கொண்டார்.

“ராக்கெட்ட நாந்தாம்மா செங்கோட்டைல டீக்கடைல விட்டேன். நீ அழுவியேன்னு பொய் சொன்னேன். கடைக்காரரு நல்ல மனுசன், அவருகிட்டதான் கடசிவர இருந்துச்சு. அந்தப் பக்கம் பஸ்ல போம்போதெல்லாம் எறங்கிப் பாத்து ஒரு பன் வாங்கிப் போட்டுட்டு வருவேன். ஒங்கிட்டச் சொல்லத்தான் தைரியம் வரல. தப்புதான். மன்னிச்சிரு.”

மகளின் முகம் கொஞ்ச நேரம் திரையில் தெரியவில்லை. ஃபோனை மடியில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. ஜெர்மனி வீட்டின் கூரை மட்டும் தெரிந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்ப வந்தபோது கண் சிவந்திருந்தது, வாய் சிரித்தது. பத்து வயதுப் பிள்ளையின் குரலை வைத்துக்கொண்டு கேட்டாள்:

“அப்ப ராக்கெட்டுக்குப் போலீஸ்ல வேலை கெடைக்கலையாப்பா?”

“கெடைக்கலம்மா” என்றார் சுடலைக்கண்ணு.